இரண்டாம் கியர்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை.
ஏற்றம் என்று சொல்ல
நாலு மதகும் ஒரு ரயில் கடவையும்.
ஆனபடியால் எட்டு மாதம்
இரண்டாம் கியர் இல்லாமலே ஓடினேன்,
ஒன்றில் கதறவிட்டு
மூன்றில் மூச்சுத் திணறவிட்டு,
ஐம்பத்திரண்டாம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-போட்டியை.

ஆஸ்பத்திரி வீதிக்கு அது போதும்.
கலியாணத்துக்குப் போதாது.
மேளத்துக்குப் பின்னால் போகிற வேகம்
ஒன்றுக்குக் கூட, மூன்றுக்குக் குறைய.
உரும்பிராயில், மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு
இருபது யார் இருக்க நின்றது கார்.
பொம்பிளையின் தமையன் இறங்கித் தள்ளினான்,
பட்டு வேட்டியோடு.
அவன் நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைவதைக்
கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முற்பணத்தை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை.
அதுதான் அவமானம்.

கிறகோரி பெட்டியைக் கழற்றி
எண்ணெய்க்குள் கைவிட்டு
மூன்று பல்லை ஒவ்வொன்றாய் எடுத்து
உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.
"இருபத்தொன்பது பல்லுச் சில்லு. சாய்வைப் பார்த்து எடு.
கிடைச்சா வா. கிடைக்காட்டி
பல்லுக் கொழுக்கட்டை அவிச்சு
பொனற்றில கொட்டு, முளைக்கும்."

பஞ்சிகாவத்தையில் ஹில்மி நானாவின் கடை
மூன்று மாடி, எல்லாம் ஜப்பான்.
"ஏ-போட்டியா?" என்று கேட்டுவிட்டு
ஒரு பிளேன்ரீ சொன்னார், அனுதாபத்துக்கு.
குருநாகலில் விஜேபால
தந்தால் முழுப் பெட்டியாகத்தான் என்றார்;
அந்த விலைக்கு அரைப் பரப்புக் காணி விற்கவேண்டும்.
ரொறன்ரோ மச்சானின் பார்சல்
சுங்கத்தில் ஆறு கிழமை இருந்து வந்தது.
உள்ளே, எண்ணெய்த்தாளில் சுற்றி, புத்தம் புதிசாய்
மொறிஸ் மைனரின் சில்லு.
மச்சானுக்கு இரண்டும் ஒன்று.

கைதடியில் ஒரு கார் கிடக்குதாம் என்றார்கள்,
தொண்ணூற்றைந்தில் ஆரோ
பெற்றோல் முடிந்து விட்டுவிட்டு நடந்தது.
போனேன்.
சேசிஸுக்குள்ளால் வேம்பு வளர்ந்திருந்தது.
பெட்டி இருந்த இடத்தில்
ஒரு கோழி அடை கிடந்து என்னை முறைத்தது.

கண்டது கோண்டாவிலில்,
மகளை ஏற்றப்போன ரியூசன் கொட்டிலில்.
மணி அடித்தது.
எனக்கு இரும்பின் குரல் தெரியும்.
தண்டவாளத் துண்டு இப்படிக் கேட்காது.
ஷெல் கோது இப்படிக் கேட்காது.
மாமரக் கொப்பில், கம்பியில் தொங்கியது,
யாரோ பச்சைப் பெயின்ற் அடித்து.
வாங்கில் ஏறி நின்று எண்ணினேன்.
கணக்குப் பாடம் நின்றுபோனது.
எண்பது பிள்ளைகள் என்னோடு சேர்ந்து
சத்தம்போட்டு எண்ணினார்கள்.
இருபத்தொன்பது.
பிள்ளைகளை நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினேன்.

புவனலோஜினி ரீச்சர் விலை சொல்லவில்லை.
"எனக்குச் சத்தம்தான் வேணும்.
சத்தத்தைத் தந்திட்டு
இரும்பைக் கொண்டுபோங்கோ."
என்னுடைய பல்லுப்போனதைக் கட்டி அடித்துப் பார்த்தார்.
வெடித்த பானை.
கடைசி வாங்குப் பொடியங்கள் அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள்,
அதை இங்கே எழுத ஏலாது.

"மச்சான் மாமான்ர சில்லைக் கட்டலாமே, அப்பா?"
என்றாள் மகள்.
கட்டலாம்தான்.
வீட்டில் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.
எங்கோ மன்னாரிலோ மாத்தறையிலோ
மூன்று பல்லைக் கடதாசியில் மடித்து
சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு
ஒருத்தன் கடை கடையாய் ஏறி இறங்குவான்.
அவனுடைய சாமானில் எப்படித் தடியால் அடிப்பது?

திருநெல்வேலிச் சந்தியில் வெண்கல மணி வாங்கினேன்,
எண்ணாயிரத்து ஐந்நூறு.

கிறகோரி பெயின்றைச் சுரண்டிப் பார்த்தான்.
அடியெல்லாம் முகத்தில், பல்லில் ஒரு காயமில்லை.
"பிள்ளைகளுக்குக் குறி தெரியும்" என்றான்.
பூட்டினான். விழுந்தது,
ஒரு சிணுங்கலோடு.
அந்தச் சிணுங்கல் இன்னும் போகவில்லை.
கோயில் வளைவில் இரண்டுக்கு மாற்றும்போதெல்லாம்
பின்சீற்றில் மகள்
பாதிக் கணக்கில் கொப்பியை மூடுகிறாள்.

மொறிஸ் சில்லு
அலுமாரியில், கலியாணச் சேலைகளுக்குக் கீழே.
மனைவிக்கு எண்ணெய் மணம் பிடிக்கவில்லை.
இருக்கட்டும். வருவான்.